செத்தவன் சாப்பிட்டானாம்!

"எக்ஸ்க்யூஸ் மீ..."

பக்கத்து ஸீட்காரன் அசையவில்லை.

மேஜைமேல் தலை. பக்கத்தில் ஒரு பேப்பர் கப். காதில் ஹெட்போன். நல்ல தூக்கம்போல.

"ஹலோ... உங்க சார்ஜர் வயர் என் காலைச் சுத்துது..."

இதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே அவன் தோளைத் தொட்டாள்.

சக்கரம் வைத்த நாற்காலி பின்னால் உருண்டது. அவன் முன்னால் சரிந்தான். முகம் நீலம். திறந்த கண்கள் அவளைப் பார்த்தன... பார்க்கவில்லை!

வீலென்று அலறினாள்.

அந்த ஹால் நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை.

எல்லார் காதிலும் ஹெட்போன்!

அது நாள் வாடகைக்கு மேஜை தரும் ஹால். கம்பெனி ஒரு நாட்டில், வீடு ஒரு நாட்டில், மடியில் லேப்டாப்போடு தான் ஒரு நாட்டில் என்று திரிகிறவர்கள் வந்து உட்காருமிடம். அவளும் அந்த ரகம்தான். தமிழ் சீரியல்களுக்கு ஆங்கிலத்தில் சப்டைட்டில் போடும் வேலை. அதனால் ஹால் மேனேஜர் அவளுக்கு வைத்த பெயரே சப்டைட்டில்.

இந்த ஊருக்கு இரண்டு மொழி. போர்டில் மேலே ஒன்று, கீழே ஒன்று. அவளுக்கு இரண்டும் கோலம்தான். கடையில் ஒரு மொழியில் கேட்பார்கள். விழிப்பாள். ஐயோ பாவமென்று அடுத்த மொழியில் கேட்பார்கள். அதற்கும் விழிப்பாள். விரலைக் காட்டி ரொட்டி வாங்கிக்கொண்டு ரூமுக்குப் போவாள். ஒற்றைக் கட்டில், ஒற்றை ஜன்னல், எதிரே அடுத்த கட்டடத்தின் சுவர். ஊரிலிருந்து அக்கா கூப்பிட்டால், "சூப்பரா இருக்கேன்க்கா! ஊரா இது, சொர்க்கம்!" என்பாள். போனை வைத்த பிறகு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

நாள் முழுக்க அவள் கேட்கும் தமிழ், சீரியல் மாமியார்கள் திட்டுகிற தமிழ் மட்டும்தான்!

பக்கத்து ஸீட்காரனுக்கு அவள் மனசுக்குள் வைத்த பெயர் ஹெட்போன். காலையில் ஒரு குட்மார்னிங். சாயங்காலம் ஒரு பை. மாசக்கணக்கில் அவ்வளவுதான் பழக்கம்.

டிங்!

செத்தவனின் லேப்டாப்பில் ஒரு மெசேஜ்.

திரும்பிப் பார்த்தாள்... தூக்கிவாரிப் போட்டது.

தமிழ்!

*அண்ணா... சாப்பிட்டியா?*

அனுப்பியவர் பெயர்: தங்கச்சி.

அடப்பாவி... நீ தமிழனா!

இத்தனை மாசம் முழங்கை இடிக்கிற தூரத்தில் இரண்டு தமிழ் ஜீவன்கள்... இரண்டும் அரைகுறை ஆங்கிலத்தில் குட்மார்னிங் சொல்லிக்கொண்டு...

அடுத்த நொடி, திரையில் இன்னொரு வரி.

லேப்டாப்பை யாரும் தொடவில்லை. ஆனால் தங்கச்சிக்குப் பதில் போயிற்று.

*சாப்பிட்டேன் மா. நீ சாப்பிட்டியா?*

*

போலீஸ் வந்தது. ஹாலின் கோடியிலிருந்த கண்ணாடி அறையில் அவளை உட்கார வைத்தார்கள். வெளியே சத்தம் போகாத அறை. அவள் போனை வாங்கிப் பைக்குள் போட்டு எடுத்துப்போய்விட்டார்கள். செத்தவனின் லேப்டாப், திறந்த வாக்கில், மேஜைமேல் சாட்சியாக இருந்தது.

எதிரே இன்ஸ்பெக்டர். தொப்பையும் பொறுமையும் உள்ள மனிதர். ஒரு மொழியில் கேட்டார். விழித்தாள். அடுத்த மொழியில் கேட்டார். விழித்தாள்.

"இங்கிலீஷ்?" என்றாள்.

உதட்டைப் பிதுக்கினார். போன் போட்டார்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது.

"வணக்கம் மா! தமிழா? பயப்படாத. நான் வந்துட்டேன்ல."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வந்தவருக்கு ஐம்பது வயசிருக்கும். முழுக்கைச் சட்டை, வாரிவிட்ட நரை. ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் தமிழை மொழிபெயர்க்கிறவர்.

"சார்... நீங்க தமிழ் பேசுறதைக் கேக்கவே..."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. இந்த ஊர் லிஸ்ட்ல தமிழுக்கு நான் ஒருத்தன்தான் மா. தமிழாளு கல்யாணம் பண்ணாலும் கைதானாலும் என்னைத்தான் கூப்பிடணும். நீ மனசுல இருக்கறதைக் கொட்டு. நான் அவருக்குச் சொல்றேன்."

கொட்டினாள்.

"காலைல அவரு எழுந்திரிச்சாரு சார். 'பாத்ரூம் போறேன், லேப்டாப்பைப் பாத்துக்கோங்க'ன்னு கை காட்டுனாரு. இங்க எல்லாரும் அப்படித்தான். முன்னப்பின்ன தெரியாத ஆளை நம்பி லேப்டாப்பை விட்டுட்டுப் போவோம். நானும் பாத்துக்கிட்டேன். யாரோ ஒருத்தர் அவரு மேஜைகிட்ட நின்னுட்டுப் போன மாதிரி இருந்துச்சு. லேப்டாப்பை எடுக்கலையேன்னு நான் நிமிர்ந்துகூடப் பாக்கல. அவரு திரும்பி வந்தாரு, உக்காந்தாரு. அப்புறம் பாத்தா... செத்துட்டாரு சார். அதுக்கப்புறம்தான் சார் பயங்கரம்! அவரு லேப்டாப்லருந்து அவரு தங்கச்சிக்குப் பதில் போச்சு. செத்தவரு பதில் போட்டாரு சார்! அவரு அக்கவுண்ட்டை வேற எவனோ வெச்சிருக்கான். அந்த லேப்டாப்பைப் பாக்கச் சொல்லுங்க!"

மொழிபெயர்ப்பாளர் பரிவோடு தலையாட்டினார். இன்ஸ்பெக்டரிடம் திரும்பினார். பேசினார்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மொழி தெரியாது. ஆனால் அவள் பிழைப்பே இதுதானே? சீரியலில் ஒருத்தி மூச்சு விடாமல் பேசினால் கீழே ஒற்றை வரி ஓடக் கூடாது. சொன்னது விடுபடக் கூடாது, சொல்லாதது நுழையக் கூடாது. தினமும் அதைத்தான் பார்க்கிறாள்.

அவள் அவ்வளவு பேசினாளே? அவர் சட்டென்று முடித்துவிட்டார்.

அதோடு... லேப்டாப் எங்கே?

மேனேஜர் இந்த ஊர் மொழி இரண்டிலும் லேப்டாப்பை லேப்டாப் என்றுதான் சொல்வார். இவர் பேச்சில் அந்த வார்த்தையே வரவில்லை!

ஆனால் வேறொரு வார்த்தை வந்தது. இரண்டு தடவை.

காபி.

அவள் காபி என்று சொல்லவே இல்லையே!

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பேப்பர் கப். அடியில் கொஞ்சம் காபி. அதைச் சுட்டினார். பிறகு அவளைச் சுட்டினார்.

"சார்... அவரு என்னை ஏன் அப்படிப் பாக்கறாரு? நீங்க என்ன சொன்னீங்க?"

"நீ சொன்னதைத்தான் மா."

"இல்ல. லேப்டாப்னு நீங்க சொல்லவே இல்ல."

அவர் சிரித்தார். அப்பா சிரிப்பதுபோல ஒரு சிரிப்பு.

"கெட்டிக்காரி."

எழுந்தாள். லேப்டாப்பைச் சுட்டிக்காட்டி, "லேப்டாப்! லேப்டாப்!" என்று இன்ஸ்பெக்டரிடம் கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் திரையைப் பார்த்தார். அவருக்கு அது கோலம். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். இவர் குனிந்து, அக்கறையாகப் படித்து, ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, உட்காரும்படி அவளுக்குக் கை காட்டினார்.

"நேத்து வந்த மெசேஜ்னு சொல்லிருக்கேன்," என்றார் மொழிபெயர்ப்பாளர். குரலில் தேன். "உக்காரு மா. நீ அழுதா நான் ஆறுதல் சொல்றேன்னு அவர் நினைப்பார். அழு."

"நீங்க... காலைல அவரு மேஜைகிட்ட நின்னது நீங்கதானா?"

"உனக்கும் அவனுக்கும் தகராறு, நீதான் விஷம் கலந்த காபியைக் குடுத்தேன்னு சொல்லிட்டேன். நீயே ஒத்துக்கிட்ட மாதிரி."

"நான் கத்துவேன்!"

"கத்து. எந்த மொழியில?"

அவள் வாய் திறந்தபடி நின்றது.

"ரெண்டு மொழி ஊரு மா இது. ரெண்டும் என் வாய்ல. உன் வாயும் இப்ப என் வாய்தான்."

இன்ஸ்பெக்டர் எதையோ கேட்டார். இவர் பணிவாகப் பதில் சொன்னார். இன்ஸ்பெக்டர் இடுப்பு பெல்ட்டிலிருந்து விலங்கை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். அதற்கப்பால் ஹெட்போன் தலைகள். இந்த ஊரில் அவளைத் தேட ஒரு நாதி கிடையாது. அவள் ஜெயிலுக்குப் போனால் ரூம் ஜன்னலுக்குக்கூடத் தெரியாது!

"அவரு உங்களுக்கு என்ன பண்ணாரு?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ணல. நல்ல பையன். தமிழ் பேச ஒரு ஆள் கிடைச்சானேன்னு வந்து ஒட்டிக்கிட்டான். 'சார், சார்'னு உசுரை விட்டான். என்ன வேலை, மேலதிகாரி யாரு, பேங்க் எது, தங்கச்சி என்ன படிக்கிறா... எல்லாம் சொன்னான். போனைக்கூட என் கைல குடுத்து, 'இதைச் செட் பண்ணிக் குடுங்க'ன்னான். அப்பவே அவன் அக்கவுண்ட்டை என் போன்லயும் ஏத்திக்கிட்டேன். கேமராவே ஆன் பண்ணாத வேலை மா. அவன் செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன? சம்பளம் வரும்ல?"

"அவரு வீட்டுக்கு இன்னைக்கே தெரிஞ்சிடும்!"

"யாரு சொல்றது? ஸ்டேஷன்லருந்து வீட்டுக்குத் தகவல் சொல்ற வேலை மொழிபெயர்ப்பாளருக்கு. அதாவது எனக்கு. நான் சொல்லலேன்னா அவன் தினமும் சாப்பிட்டுக்கிட்டேதான் இருப்பான்."

"த்தூ!"

"இவனுக்கு முன்னாடியும் ரெண்டு பேரு. அவங்க அம்மாங்களுக்கு இன்னிக்குக் காலைலகூட குட்மார்னிங் சொன்னேன். பெத்த பிள்ளைங்களைவிட ஒழுங்கா சொல்றேன் தெரியுமா?"

டிங்!

லேப்டாப் திரையில் புது மெசேஜ். அவள் கண் அங்கே பாய்ந்தது.

*என்னது, மா-வா? எருமை, கழுதைன்னு கூப்பிடாம என்னைக்குடா நீ எனக்குப் பதில் போட்டிருக்கே?*

*டேய், உடம்பு சரியில்லையா?*

*ஏய்... யாரு இது? இரு, கூப்பிடறேன்.*

லேப்டாப் அலறத் தொடங்கியது!

திரை நிறைய ஒரு பெண்ணின் போட்டோ. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு...

அதே நேரம்...

மொழிபெயர்ப்பாளரின் முழுக்கைச் சட்டைக்குள் ஒரு வெளிச்சம்!

விருட்டென்று வலது கையால் இடது மணிக்கட்டைப் பொத்தினார் அவர். சத்தத்தை அடக்கி வைத்திருந்தவர், வெளிச்சத்தை மறந்துவிட்டார்.

அவள் யோசிக்கவில்லை. பாய்ந்தாள்.

"ஏய்... விடு! விடுடி!"

'மா' போய் 'டி' வந்துவிட்டது. அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் தெறித்தது. சட்டைக் கை முழங்கை வரை ஏறியது. இன்ஸ்பெக்டர் அவளைத் தடுக்க எழுவதற்குள் அந்த மணிக்கட்டை லேப்டாப் திரையோடு சேர்த்து வைத்து அழுத்தினாள்.

பெரிய திரையில் நாக்கைத் துருத்திய பெண்.

சின்ன வாட்சில் நாக்கைத் துருத்திய அதே பெண்!

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பைப் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார்.

சில காட்சிகளுக்கு சப்டைட்டில் தேவையில்லை.

மேஜைமேல் இருந்த விலங்கு எழுந்து, வாட்ச் கட்டிய கைக்குப் போயிற்று.

*

லேப்டாப் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் அதைக் காட்டினார். அவளைக் காட்டினார்.

எடுத்தாள்.

"டேய் எருமை! எவ்ளோ நேரம்டா..." திரையில் வந்த பெண் திகைத்தாள். "ஐயோ, ஸாரிங்க... நீங்க யாரு?"

"நான்... உங்க அண்ணன் பக்கத்து ஸீட்."

"தமிழா நீங்க? திருட்டுப்பய, சொல்லவே இல்ல பாருங்க! வேலை செய்யற இடத்துல பேச்சுத்துணைக்கு ஒரு நாய்கூட இல்லடின்னு தினமும் என்கிட்ட புலம்புவான். பக்கத்துலயே ஆளை வெச்சுக்கிட்டா?"

"அவருக்குத் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது. இன்னிக்குத்தான்..."

"அதென்ன கூத்து! ஒரே இடத்துல உக்காந்துக்கிட்டு எப்படிங்க தெரியாம போகும்?"

அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஹெட்போன் தலைகளைப் பார்த்தாள்.

"சரி, அவன்கிட்ட குடுங்க. நாலு வார்த்தை கேக்கணும்."

"வீட்ல... வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க. ஏங்க?"

"கூப்பிட்டுப் பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"ஏன்... எதுக்கு?"

"நான் லைன்லயே இருக்கேன். வைக்க மாட்டேன். போய்க் கூப்பிடுங்க."

மாசக்கணக்கில் பேசாமல் சேர்த்து வைத்த தமிழ் முழுக்க அவளிடம் இருந்தது. அதில் அந்த ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வார்த்தை கிடைக்கவில்லை. கடைசியில், சொல்லத்தான் சொன்னாள்.

*

வெகுநேரம் கழித்து, வீங்கிய கண்களோடு கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தாள்.

ஹால் காலி. சுவரோரம் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளர். அவர் போனை நோண்டிய இன்ஸ்பெக்டருக்கு இன்னும் இரண்டு ஆட்களின் அக்கவுண்ட்டுகளும் அகப்பட்டிருந்தன. ஆனாலும் அந்த ஆள் ஹாயாக உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் ஒரு மொழியில் உறுமினார். அந்த ஆள் விழித்தார். அடுத்த மொழியில் உறுமினார். அதற்கும் விழித்தார்.

"என்னவாம்?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

மேனேஜர் கைவசமிருந்த நாலு ஆங்கில வார்த்தைகளைப் பொறுக்கி விளக்கினார். இந்த ஊர் மொழி இரண்டுமே தனக்குச் சரியாக வராதாம். தாய்மொழியில் கேட்டால்தான் பதிலாம். முறைப்படி லிஸ்ட்டில் இருக்கிற மொழிபெயர்ப்பாளரை வரவழைக்க வேண்டுமாம். அதுவரை ஒரு வார்த்தை பேச மாட்டாராம்.

அந்த ஆள் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சட்டம் மா. அது என் உரிமை. லிஸ்ட்லருந்து ஆளைக் கூட்டிட்டு வரச் சொல்லு, அப்புறம் பேசறேன்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் எதிரே போய் நின்றாள்.

"லிஸ்ட்ல இருக்கறதே ஒரே ஒரு ஆளுதானே சார்? எங்கயும் தேட வேணாம். லாக்கப்ல உங்க முன்னாடி ஒரு நிலைக்கண்ணாடி வெக்கச் சொல்றேன்... ரெண்டு பேருமா பேசி முடிச்சிடுங்க!"