கூழாங்கல் வட்டம்

ரெய்னோ சாப்பிட்டு ஒன்பது நாட்கள் ஆகியிருந்தன. இன்று மாலையும் கெர்ரி இரண்டு தட்டுகளில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்டி வைத்தாள். ஆறியதும் இரண்டையும் நாய்க்குக் கொட்டினாள்.

வேறு ஒருத்தி அவனுக்குச் சமைத்துப் போடுகிறாள். அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. தொடைவரை நனைந்து வருகிறான், அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, நேராக நிலவறைக்கு இறங்கித் தாழிட்டுக்கொள்கிறான். பிறகு ஆற்று வண்டலின் வாசனையும், பனி உருகிய தண்ணீரின் குளிரும், கல்லோடு கல் மெதுவாக உரசும் சத்தமும் சமையலறைத் தரைக்கடியில் வந்து நிற்கின்றன.

ஏரி மீன்களைக் காக்கும் குழுவில் அவனோடு வேலை செய்யும் மெல்வினைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“பொம்பளையா? அவனுக்கா? நீ ஒருத்தி ஏமாந்ததே பெரிசு!” மெல்வின் சிரித்தான். “நாள் முழுக்க விலாங்கு மாதிரி இருக்கிற அந்த ஓடை லாம்ப்ரே மீனுங்களப் பாத்துட்டு நிக்கிறான். முட்டை போடுற சீசன்ல.”

“அதுங்க என்ன பண்ணும்?”

“வளந்துட்டா குடல் சுருங்கிடும், அப்புறம் சாப்பாடே கிடையாது. வாயால கல்லக் கவ்வி நகத்திக் குழி கட்டும். ஆண் வந்து பொண்ணோட தலையக் கவ்விக்கும். முட்டை போட்டதும் ரெண்டும் செத்துடும். பாவம், யாரையும் கடிக்காது. போன வார விருந்துல உன் கையில ஒட்ட விட்டோமே, வலிச்சுதா?”

கெர்ரி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள். ஏரி மீன்களின் ரத்தம் குடிக்கும் பெரிய லாம்ப்ரேக்களை அந்தக் குழு கொன்றுவிடும். ஓடையின் சின்னதைப் புதியவர்களின் கையில் ஒட்டவைத்துச் சிரிக்கும். பென்சில் தடிமன். தாடையில்லாத வட்ட வாய். அவள் பயப்படாமலிருக்க முதலில் ரெய்னோதான் தன் கையில் ஒட்டவைத்துக் காட்டினான்.

அந்த வட்டத் தழும்பு ஒன்பது நாட்களாகியும் மறையவில்லை.

நிலவறைக் கதவு இன்று தாழிடப்படவில்லை.

படிகள் ஈரம். கீழே சிமென்ட் தரை உடைந்து, தண்ணீர் ஊறிய குழி. சுற்றிலும் கூழாங்கற்கள். நடுவில் ரெய்னோ மட்டும். மண்டியிட்டிருந்தான். கைகள் முதுகுக்குப் பின்னால். வாயில் கல்.

வேறு ஒருத்தி இல்லை.

கல்லை விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தான். உதடுகள் வட்டமாகவே நின்றன.

“அகலம் போதுமா?” என்றான். “ரெண்டு பேருக்கும்?”

ஓட நினைத்தாள். குளிர் கணுக்காலில் ஏறியது. குழித் தண்ணீருக்குள் அவளேதான் இறங்கியிருந்தாள். அவன் வாயின் வட்டம் அவள் உச்சந்தலையை நோக்கி வந்தது.

“ரெய்னோ,” என்றாள், “நானும் ஒன்பது நாளா ஒண்ணும் சாப்பிடல.”