கடைசிப் பெஞ்சில் அண்ணி

மாமியார் டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் வீடே வாயை மூடிக்கொண்டது.

“இன்னைக்கு நீ அந்த ஸ்கூல் பக்கம் போன... திரும்பி இந்த வீட்டுப் பக்கம் வராத!”

மூத்த மருமகள் அடுப்பை அணைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளுக்குள் குடியேறியிருந்தார். வீட்டில் சண்டை வந்தால் அப்படித்தான். ஒருமுறை சண்டை நீண்டுபோய், பழைய கார் விளம்பரத்தையே படித்துப் படித்து, வெளியே வந்தபோது இல்லாத காருக்கு டயர் மாற்ற வேண்டும் என்று கவலைப்பட்டார்.

“அத்தை... இன்னைக்கு ஒருநாள் மட்டும்...”

“எதுக்கு? பெத்தவங்க எல்லாரும் வந்து உக்கார்ற அன்னைக்கும் எம் புள்ள மானத்த வாங்கவா? அவன் பாடம் நடத்துறப்பல்லாம் கடைசி பெஞ்சில இருந்து ‘புரியல’ன்னு எழுந்து நிக்கிறியாமே! உனக்குப் புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? நீ என்ன பரீட்சையா எழுதப்போற?”

வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த இளைய மகன், கணக்கு வாத்தியார், நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

அவன் அப்படி வாயை மூடியதில்தான் அவளுக்குப் பயம் வந்தது.

தன் மகளுக்கு மார்க் குறைந்துவிட்டது என்று மரக்கடைக்காரர் ஒருவர் வகுப்புக்குள் புகுந்து, “உனக்கெல்லாம் யாருய்யா வாத்தியார் வேலை குடுத்தது?” என்று பிள்ளைகள் முன்னால் கத்திவிட்டுப் போன நாளிலிருந்து அவனுக்கு வந்தது அந்த வியாதி. கரும்பலகை முன் நின்றால் அவனுக்கு நாக்கு எழும்பாது. முதல் நாள் அவன் அசையாமல் நின்ற நிலையைப் பார்த்து, சுவரிலிருந்த பல்லி, நம்ம ஆள்தான் போலிருக்கிறது என்று அவன் தோளுக்கு இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டது. பிள்ளைகள் எல்லோரும் சாட்சி.

அன்று அண்ணி துணி துவைக்கிற இடத்தில் வந்து நின்று அழுதான். “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணி... அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் உயிரோடவே இருக்க மாட்டேன்!”

சொல்லமாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தாள்.

பெற்றவர்கள் தங்கள் பிள்ளையின் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரலாம் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். யாரும் உட்கார்ந்ததில்லை. அவள் மகள் அவனிடம்தான் படித்தாள். போய் உட்கார்ந்தாள். அவன் உறைந்து நின்ற நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, “நாலு ரெண்டை விடப் பெருசு. அப்புறம் எப்படி சார் கால், அரையை விடச் சின்னதாச்சு?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவன் நாக்கு கட்டவிழ்ந்தது. வகுப்பைப் பார்த்துப் பேச முடியாதவனால், பாடம் தெரியாத ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

அன்று முதல் அவளுக்குச் ‘சந்தேக அத்தை’ என்று பெயர். “வராதம்மா, வெக்கமா இருக்கு” என்று பெற்ற மகளே அழுதாள். அவள் போவதை நிறுத்தவில்லை.

இன்று பெற்றவர்கள் எல்லோரும் பார்க்க அவன் ஒரு பாடம் நடத்த வேண்டும். சரியில்லை என்றால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லியிருந்தார்.

அவள் செருப்பை மாட்டினாள். செய்தித்தாள் லேசாக ஆடியது. அவ்வளவுதான்.

மழைக்கு முந்திய இருட்டில் காலையிலேயே வகுப்பில் விளக்கு எரிந்தது. சுவரோரம் பெற்றவர்கள். முன்வரிசையில் மாமியார், மகன் பெருமையைப் பார்க்க. அவர் கண்ணில் படாமல் அவள் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். மரக்கடைக்காரர் கதவருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவன் ஒரு பின்னத்தை எழுதினான். திரும்பினான். கதவருகே நின்றவரைப் பார்த்தான். சாக்பீஸ் விழுந்து உடைந்தது.

யாரோ இருமினார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அவன் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை... மாமியாரின் முகத்தில் பெருமை மெல்ல வெளிறியது.

எழுந்தால் வீடு போச்சு. எழாவிட்டால் இவன் போய்விடுவான்.

எழுந்தாள். “சார்... எனக்கு இது புரியல.”

“அடிப்பாவி!” மாமியார் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். “இங்கயும் வந்துட்டியா? எம் புள்ளய அழிக்கிறதுக்குன்னே வந்து வாய்ச்சியாடி!”

“விடும்மா அவங்கள!”

கணக்கு வாத்தியார் அப்படிக் கத்தியதை அந்த வகுப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

“எனக்குப் பேச்சு வரலம்மா... மாசக்கணக்கா வரல. அவங்க எழுந்து கேட்டாத்தான் வருது. ஊரே அவங்களப் பாத்துச் சிரிச்சுது... நான் வாய மூடிட்டு இருந்தேன். கோழை மாதிரி இருந்தேன்!”

மரக்கடைக்காரரின் மகள் எழுந்தாள். “அந்தச் சந்தேகமெல்லாம் எனக்கும் வரும் சார். கேட்டா அப்பா திட்டுவாரோன்னு பயம். அத்தை கேப்பாங்கன்னு காத்திட்டிருப்பேன்.”

மாமியாரின் பிடி தளர்ந்தது.

அண்ணி யாரையும் குற்றம் சொல்லவில்லை. “தம்பி, பாடத்த நடத்துங்க. நான் இருந்தா என்னையே பாத்துட்டிருப்பீங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள்.

தாழ்வாரத்தில் மழை இறங்கியது. பின்னாலேயே மாமியார் வந்தார். உள்ளே சத்தமே இல்லை.

“வரலையேடி... அவனுக்கு வரலையே...”

“இருங்க அத்தை.”

இரண்டு பேரும் கதவில் காதை வைத்தார்கள். உள்ளே ஒரு செருமல். மரக்கடைக்காரரின் கரகரத்த குரல், வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்து வந்தது.

“வாத்தியாரே... மரத்த அறுக்கத் தெரியும், இந்தப் பின்னம் எனக்கு அப்பவே ஏறல. முதல்லேருந்து சொல்றீங்களா?”

கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது.

“சொல்றேன்... உக்காருங்க.”

மாமியார் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். “என்ன மன்னிச்சிடுன்னு கேக்க எனக்கு வாய் வரலடி...”

“மெதுவா வரட்டும் அத்தை” என்றாள் அவள். “இப்ப சத்தம் போடாதீங்க. பாடம் நடக்குது.”