உள்ளே ஒரு தெரிந்த ஆள்

மருதையனின் இதய வால்வு இன்னும் நான்கு நாளில் நின்றுவிடும் என்ற தகவல் காலை ஆறு மணிக்கே மாவட்ட மருத்துவமனைக்குப் போய்விட்டது. மருதையனுக்கு அது பல் துலக்கிவிட்டு வந்த பிறகுதான் தெரியும். ஊரில் எல்லோருக்கும் இருப்பது போல அவர் மார்புக்குள்ளும் ஒரு நெஞ்சுச்சில்லு இருந்தது. நோயை நோயாளிக்கு முன்பே மருத்துவமனைக்குச் சொல்வது அதன் வேலை. ஆறரைக்கெல்லாம் ஓட்டுநர் இல்லாத படுக்கைவண்டி வாசலில் வந்து நின்றது.

செவ்வாய்க் கிரகத்தின் கடைக்கோடியில், கண்ணாடிக் கூரைக்கு அடியில் கடலை பயிரிடும் ஊர் புதுமாத்தூர். மக்கள் எண்ணூறு பேர். எண்பது கல் தள்ளி இருந்த மருத்துவமனைக்குள் மனிதவாடையே கிடையாது. முப்பத்தாறு மருத்துவப்பொறிகள்தான் எல்லாம். சிகிச்சை இலவசம், யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு முதலிடம்.

மருதையனின் மனைவி செங்கமலத்துக்கு அந்த ஒழுங்கின்மேல்தான் நம்பிக்கை வரவில்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் போய்விடுவாரோ என்ற பயம் அவளுக்கு நிஜமாகவே இருந்தது. அதனால்தான் அவசரப்படக் கூடாது என்று முடிவு செய்தாள்.

"அங்க நமக்கு யாரைத் தெரியும்? தெரிஞ்ச ஆள் இல்லாத ஆஸ்பத்திரியில போய்ப் படுத்தா, ஏன்னு கேக்க நாதி உண்டா?"

பொறிகளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்றெல்லாம் கிடையாது என்று மருதையன் சொல்லிப் பார்த்தார். மூச்சு வாங்கியது, நிறுத்திக்கொண்டார்.

படுக்கைவண்டி வாசலிலேயே காத்துக் கிடக்க, செங்கமலம் காரியத்தில் இறங்கினாள். அத்தை மகன், அவனுடைய சம்பந்தி, சம்பந்தி வீட்டில் குடியிருப்பவர் என்று பாதிக் கிரகத்தை விசாரித்தாள். மூன்றாம் நாள் மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையாகச் சின்னராசு என்றொருவர் அகப்பட்டார். மாதம் ஒருமுறை மருத்துவமனைக் கூரைமேல் ஏறிச் சூரியப் பலகைகளைத் துடைப்பவர். உள்ளே காலடி வைத்ததே இல்லை. இருந்தாலும் தன் பெயரைச் சொன்னால் போதும், பார்த்துக்கொள்வார்கள் என்று அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அன்று மாலை மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது மருதையனின் உதடு நீலம் பாரித்திருந்தது. அறுவை அறை வாசலில் பொறியை மறித்து நிறுத்தி, சின்னராசு அனுப்பிய ஆட்கள் தாங்கள் என்பதைச் செங்கமலம் இரண்டு முறை சொன்னாள். குறித்துக்கொண்டதாகப் பொறி பதில் சொன்னது. நாற்பதே நிமிடத்தில் புது வால்வு துடித்தது. கணவர் கண் விழித்துக் காப்பி கேட்டபோது அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். கண்ணைத் துடைத்த கையோடு, சிபாரிசு இல்லாவிட்டால் இதெல்லாம் நடக்குமா என்று அவரையே கேட்டாள்.

மறுநாள் கிளம்பும்போது அந்தப் பொறி அவளைத் தனியே அழைத்தது. மூன்று நாள் தாமதித்ததற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவள் நினைத்தாள். பொறி திட்டவில்லை. கண்டதையெல்லாம் தொகுத்துப் பார்த்துத் தானே பாடம் கற்கும்படி அதைச் செய்திருந்தார்கள். கற்றதைத்தான் இப்போது சொன்னது.

"இதுவரை பதினோராயிரம் பேருக்குச் சிகிச்சை செய்திருக்கிறேன், அம்மா. அத்தனை பேரும் யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அத்தனை பேரும் பிழைத்தார்கள். தெரிந்தவர் இல்லாமல் வந்து குணமானவர் ஒருவர்கூட என் பதிவில் இல்லை."

அதைத்தான் தானும் சொல்வதாகச் செங்கமலம் தலையாட்டினாள்.

பொறியின் முழங்கை மூட்டு தேய்ந்து கிறீச்சிடுவதை அவள் அப்போதுதான் கவனித்தாள். அடுத்த வாரம் தலைமைப் பட்டறையில் தனக்குப் பழுதுபார்க்கும் முறை வருகிறது என்று அது சொன்னது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அங்கே எனக்கு யாரையும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?"

செங்கமலத்துக்கு மனசு இளகிவிட்டது.

"இல்லாமலா போயிடுவாங்க? நான் விசாரிச்சுச் சொல்றேன், தைரியமா இருங்க. மத்த முப்பத்தஞ்சு பேருக்கும் சேத்தே சொல்லி வைக்கிறேன்."

பொறி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தது.

"எனக்கு மட்டும் சொன்னால் போதும், அம்மா."