மூன்று இடங்களில் இயன்

பேச்சு பாதியில் நின்றதுதான் செரீனாவுக்கு முதலில் உறுத்தியது.

"டயர் மாத்தணும், நாளைக்கு நான்..." என்ற அவள் கணவன் இயன், உருட்டிய சோற்றை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான். மலேசியச் செம்பனைத் தோட்டமான புக்கிட் பெலிம்பிங்கின் அந்திமழை தகரக் கூரையில் கொட்டியது. ஈரச் செம்பனைக் குலைகளின் புளித்த வாடை சன்னல் வழியே வந்தது. மூலையில் அவளுடைய பழைய கணினி விடாமல் இரைந்தது. ஒரு மின்னல். கரண்டு போனது. இரைச்சல் அடங்கியது.

"...நாளைக்கு நான் பத்தாங் காலி டவுனுக்குப் போறேன்லா," என்றான்.

"ஏங்க நடுவுல நிறுத்துனீங்க?"

"யாரு நிறுத்துனா? உனக்கு அந்த வெப்சைட்டு மண்டையில ஏறிப்போச்சு."

ஏறித்தான் இருந்தது. தோட்டத்தை விட்டுச் சிதறிப்போன ஜனங்கள், கல்லறைத் திருநாள் பூசையில் வாசிக்க வேண்டிய இறந்தவர்களின் பெயர்களை எழுதி அனுப்ப அவள் செய்த இணையதளம். வீட்டுக் கணினியில் வைத்திருந்தாள். மழைக்கு மழை கரண்டு போய்த் தளமும் விழுந்தது. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டும் என்றபோது, "என் பேரயே போடு, எழுதுனா செத்துருவனா?" என்று சிரித்தவன் இயன்தான். இரண்டு வாரத்துக்கு முன் போட்டாள். எடுக்க மறந்தாள்.

மறுநாள் கோயில் உபதேசியார் காப்ரியல் போனில் கூப்பிட்டார். "தொறந்தா வெறும் வெள்ளையா இருக்கும்மா. கிள்ளான் டவுனுக்குக் குடிபோனவங்க என்னைய ஏசுறாங்க."

"இன்னிக்கே வெளி சர்வருக்கு மாத்திடுறேன் அண்ணே. மூணு இடத்துல வைக்கிறேன். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிக்கும்."

"இனிமே விழாதுல்ல?"

"விழவே விழாது."

அன்று மாலை, இயன் சாப்பிட உட்கார்ந்த நேரம், மூன்று சர்வரிலும் தளத்தை ஏற்றி முடித்தாள். திரையில் ஒரு பச்சைப் புள்ளி. இரண்டு. மூன்று.

"குழம்புல கொஞ்சம்..." என்றான் இயன்.

அவ்வளவுதான்.

"கொஞ்சம் என்னங்க?"

சோற்றுக் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவே நின்றிருந்தது. தோளைத் தொட்டாள். குளிர்ந்த தோள். இரண்டு வாரமாக, தளம் ஓடிய நேரங்களில், அவ்வப்போது இப்படிக் குளிர்ந்திருந்ததும், கணினி அணைந்த மறு நொடி அவன் பேசியதும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவசரமாகப் பட்டியலைத் திறந்தாள். இயன். பெயருக்குக் கீழே: பன்னிரண்டு பேர் ஜெபித்தார்கள்.

அழித்தாள். 'நீக்கப்பட்டது' என்றது திரை. மறுபடி திறந்தாள். இயன். பத்தொன்பது பேர்.

முதல் சர்வரை நிறுத்தினாள். இரண்டாவதை. மூன்றாவதை. வீட்டுக் கணினியின் வயரைப் பிடுங்கி எறிந்தாள். பச்சைப் புள்ளிகள் எல்லாம் போயின.

ஆனாலும் கைப்பேசியில் அந்தத் தளம் திறந்தது.

போன் அடித்தது. காப்ரியல்தான் மறுபடி. "இப்பதாம்மா சூப்பரா ஓடுது! இயன்னு ஒண்ணு இருக்கே, உங்க வீட்டுக்காரரு பேருதானே, அவரு தாத்தாவுக்கும் அதே பேரா? சபையில எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஜெபம் பண்றாங்க."

"வேணாம் அண்ணே! நிறுத்தச் சொல்லுங்க!"

"ஆத்துமாவுக்கு நல்லதுதானேம்மா..."

நாற்பத்தொன்று. அறுபது.

"என்னங்க. என்னங்க!"

மழை விட்டிருந்தது. கூரை சொட்டியது. இயனின் தட்டுக்கு எறும்பு வந்திருந்தது. சோற்றில் ஏறி, விரலில் ஏறி, கைமுட்டி, கழுத்து, கன்னம் என்று ஒரே வரிசை. முதல் எறும்பு அவன் திறந்த கண்ணின் கருவிழிமேல் நடந்தது.

இமை அசையவில்லை.