குளிரில் முனகிய கியர்பெட்டி

"கிர்ர்ர்ர்!"

கொட்டகலைக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. மரியரட்ணத்தின் பழைய மொறிஸ் மைனர் கார், சரிபுதீனின் எண்ணெய்க் கடை வாசலில் வந்து நின்றது.

பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மின்ஹா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சரிபுதீன் அவளுடைய வாப்பா.

"சரிபுதீன் நானா, மோசம் போயிட்டேங்க!" என்றார் மரியரட்ணம். "ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது. நாளைக்குக் காலையில எம் மக ஜொய்சிக்குக் கல்யாணம். அட்டன் கோயிலுக்கு இந்த வண்டியிலதான் போவேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா."

மின்ஹா பள்ளிப் பையைக் கீழே வைத்தாள். ஜொய்சி அவளுடைய வகுப்பு டீச்சர். 'முன் சீட் உனக்குத்தான்' என்று சொல்லியிருந்தார்.

"போன கிழமைதானே கியர்பெட்டிக்குப் புது எண்ணெய் ஊத்தினோம்?" என்றார் வாப்பா. "லொறிக்காரங்க எல்லாம் ஊத்துற நல்ல கெட்டி எண்ணெய். மலை ஏறுறதுக்கு அதுதானே பெலம்!"

"கராஜில வண்டி திருத்துற பாஸ் பார்த்தாருங்க. கியர்பெட்டியக் கழட்டணுமாம். ரெண்டு கிழமை ஆகுமாம்."

வாப்பா உட்கார்ந்து எண்ணெய் டின்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார். பனிமூட்டம் மெல்லக் கடைக்குள் வந்தது. வாப்பா இப்படி டின் துடைக்கத் தொடங்கினால், பழியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார் என்று பொருள். அது மின்ஹாவுக்குத் தெரியும்.

"அங்கிள், மத்தியானத்திலயும் இப்படித்தான் முனகுதா?"

"இல்லம்மா, அதுதான் அதிசயம். மத்தியானம் நல்ல பிள்ளையா ஓடுது. காலையிலதான் அடம் பிடிக்குது."

"எங்க வீட்டுத் தேங்காய் எண்ணெயும் அப்படித்தான். காலையில வெள்ளையா உறைஞ்சுபோயிடும். உம்மா அடுப்புப் பக்கத்தில வச்சு இளக்கித்தான் எனக்குத் தலை வாருவாங்க. கியர்பெட்டி எண்ணெய்க்கும் குளிருதோ?"

"அப்ப அதுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிப் போட்டுருவமா?" என்று சிரித்தார் மரியரட்ணம்.

மின்ஹா சிரிக்கவில்லை. ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தாள். மேல் நுனியில் ஒரு பக்கம் லொறி எண்ணெயும் மறுபக்கம் இஞ்சின் எண்ணெயும் ஒரு கரண்டி விட்டாள்.

இஞ்சின் எண்ணெய் சரசரவென்று கீழே வந்து சேர்ந்தது. லொறி எண்ணெய் பாதி வழியில் நின்று, இன்னும் போவோமா வேண்டாமா என்று யோசித்தது.

"அங்கிள், இதுக்கு முன்னாடி என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

மரியரட்ணம் தலையைச் சொறிந்தார். "இஞ்சினுக்கு ஊத்துறதேதான். இந்த வண்டிய எனக்கு வித்த வட்டகொடை ஆளு, ரெண்டுக்கும் ஒரே எண்ணெய்னு சொன்னாரு. சரியான கஞ்சன்னு நெனச்சேன். கல்யாணத்துக்காவது நல்லதா ஊத்துவோம்னு..."

"அட, அவரு கஞ்சனில்ல!" என்று எழுந்தார் வாப்பா. "லொறி கியர்பெட்டி வேற, இது வேற; இதுக்கு இஞ்சின் எண்ணெய்தான் சரி. வண்டியப் பத்திக் கேட்காம ஊத்தினது என் பிழை, அண்ணே." இஞ்சின் எண்ணெய் டின் ஒன்றை எடுத்தார். "இதுல இருபது, ஐம்பதுன்னு ரெண்டு நம்பர் இருக்கு. முதல் நம்பர் குளிருக்கு, மற்றது சூட்டுக்கு. நம்ம ஊர் காலைக்கும் சரி, மலை ஏத்தத்துக்கும் சரி."

"கழட்டுறதுக்கு முன்னாடி இத மாத்திப் பார்ப்போம் வாப்பா," என்றாள் மின்ஹா. "ஆனா முதல்ல கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடாக்குங்க. அப்பத்தான் பழசு முழுசா ஒழுகும்."

"பாஸம்மா சொன்னா சரிதான்!" என்று வண்டியில் ஏறினார் மரியரட்ணம்.

மறுநாள் காலை இன்னும் குளிராக இருந்தது. மணப்பெண் பின் சீட்டில், மின்ஹா முன் சீட்டில். வாப்பா வாசலில் நின்று ஒரு டின்னைத் துடைத்துக்கொண்டிருந்தார். கார் புறப்பட்டது.

அட்டன் பாதையின் செங்குத்தான வளைவு வந்தது. மரியரட்ணத்தின் கை கியர்க் கம்பிக்குப் போனது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"என்னப்பா, ரெண்டாவது கியர் விழலையா?" என்று பதறினார் ஜொய்சி டீச்சர்.

"அது அப்பவே விழுந்திருச்சே! நான் இப்ப மூணாவதுல போய்க்கிட்டிருக்கேன்!"