வட்டக்காரரும் சுரண்டியும்

அந்த மழைக்கு ரொம்பக் கெட்ட புத்தி. அவள் பாதிச் சாலையைக் கடக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் கொட்டியது. ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவே ஓடும் அந்தச் சாலையில் ஒதுங்க இருந்த ஒரே இடம், மருந்துக்கடையின் முன்னால் நீண்டிருந்த தகரக் கூரை. கையிலிருந்த தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒருவனும் ஓடி வந்தான். மோதிக்கொண்டார்கள்.

"பாத்து வரக்கூடாதா? இதுல கண்ணாடி ஸ்லைடு இருக்கு."

"என் மூக்கு மேலயும் கண்ணாடிதாங்க இருக்கு. மழைல ஒண்ணுமே தெரியல."

அதைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். அவள் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது... கண்ணாடி இல்லாத அந்தக் கண்கள், அப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையின் கண்களைப் போல மலங்க மலங்க விழித்தன. இமையில் ஒரு துளி தொங்கியது. விழுமா... விழாதா... அதையே பார்த்து நின்றவளுக்குத் திடீரென்று வெட்கம் வந்து, தட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

"அவ்வளவு பத்திரமா என்னங்க அது?"

"மூளைக் கட்டி. மெல்லிசா சீவினது. நான் அந்தப் பக்கம் ஜீன் லேப்ல இருக்கேன்." பேச ஆரம்பித்தால் அவளும் மழை மாதிரிதான். "கட்டிக்குள்ள ஒரு ஜீன் இருக்கு. ரிப்பேர்காரன் மாதிரி. மாத்திரை போய்க் கட்டியை உடைச்சா, பின்னாலயே போய் ஒட்ட வச்சுடுவான். சில கட்டில மட்டும் மெத்தில்னு ஒரு பூட்டு விழுந்து அவன் தூங்கிடுவான். அப்ப மாத்திரை நல்லா கேக்கும். ஆள் தூங்கறானா, முழிச்சிருக்கானான்னு பாத்துச் சொல்றதுதான் என் வேலை."

"நல்ல வேலைதான்."

"வேலை நல்லதுதான். அந்த வட்டக்காரர்தான் சரியில்ல."

"அது யாரு?"

"பழைய கட்டடத்துல ஒரு டாக்டர். கட்டி எங்க இருக்குன்னு ஸ்லைடு மேல பேனாவால வட்டம் போட்டு அனுப்புவாரு. அந்த இடத்தை மட்டும் நான் பிளேடால சுரண்டி எடுக்கணும். வட்டமா அது? மைதானம். சின்னதாப் போடுங்கன்னு சீட்டு எழுதினா, 'சுரண்டி அவர்களுக்கு, கையை நிதானமாக வைத்துக்கொள்ளவும்'னு பதில் வருது. நான் ஆளைப் பாத்ததில்ல. ஐம்பது வயசு, தொப்பை, எல்லார் மேலயும் எரிஞ்சு விழற குணம்... கண்டிப்பா."

மழை விட்டது. அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நாலடி போய்த் திரும்பினான்.

"தொப்பை இன்னும் வரலீங்க. வயசும் முப்பதுதான்."

அவளுக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

மறுநாள் வந்த தட்டில் வட்டம் சின்னதாக இருந்தது. கூடவே ஒரு சீட்டு: 'போதுமா?' அவள் அரைப்பக்கம் பதில் எழுதி, கிழித்துப் போட்டு, கடைசியில் 'போதும்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். பத்து நாளில் சீட்டுகள் நீண்டன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எத்தனை மேசை காலியாக இருந்தாலும், இரண்டு பேரும் எப்படியோ ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அப்போதுதான் தையலம்மா விஷயம் வந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கோட்டும் திரைச்சீலையும் தைத்துத் தருகிறவர் தையலம்மா. எழுபது வயது. தலைவலி என்று வந்தவருக்கு மூளையில் கட்டி. அறுவை முடிந்துவிட்டது. அடுத்து மாத்திரை, கதிர்வீச்சு இரண்டையும் தாங்க உடம்பில் தெம்பில்லை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜீன் தூங்கினால் மாத்திரை. அவள் டெஸ்டில் அது விழித்திருந்தது. கையெழுத்துப் போட்டு ரிப்போர்ட்டை அனுப்பினாள். திங்கட்கிழமை கதிர்வீச்சு தொடங்குவதாக முடிவாயிற்று.

புதன்கிழமை அவன் நேரிலேயே வந்தான். கையில் ரிப்போர்ட்.

"இதைத் திரும்பப் பாருங்களேன். அந்த இடத்துல கட்டி அவ்வளவு அடர்த்தி. உங்க சாம்பிள்ல கட்டிக்கு உண்டான வேற எந்த அடையாளமும் இல்லையே."

லேப்பில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

"அப்ப வட்டம் தப்பா இருக்கும்."

"வட்டம் சரி. சுரண்டினதுதான் தப்பு."

"எனக்கு என் வேலை தெரியும், டாக்டர்."

டாக்டர். அந்த ஒரு சொல்லில் அவன் முகம் சுருங்கிப் போனது. ரிப்போர்ட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்று மதியம் மேசையின் எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் சொன்னது சரிதானே... சரியென்றால் ஏன் இப்படி வலிக்கிறது?

வியாழக்கிழமை தையலம்மா வார்டிலிருந்து ஆள் அனுப்பினார். போனால், தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஊசி, நூல்.

"உன் கோட்டுப் பை கிழிஞ்சு தொங்குதே, அசிங்கமா. கழட்டிக் குடு. சும்மா உக்காந்தா கை அரிக்குது."

புதுப் பைத் துண்டை அவள் எடுத்து வைத்துப் பிடித்தாள். தையலம்மா அவள் கையைத் தட்டினார்.

"புரட்டிப் பிடிச்சிருக்க பாரு. இந்தத் துணி ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டு சாயற பக்கத்தைப் பாக்கணும். இல்லைன்னா இடது பை வலது பை ஆயிடும்."

அவள் கை அப்படியே நின்றது. ஒரு கட்டியிலிருந்து சீவும் துண்டுகளில் ஒன்றுக்குச் சாயம் ஏற்றி வட்டம் போடுவார்கள். சாயம் ஏற்றாத இன்னொன்றை அதன்மேல் பொருத்தி அவள் சுரண்டுவாள். சீவிய துண்டை வெந்நீரில் மிதக்கவிட்டுத்தான் கண்ணாடியில் ஏந்துவார்கள். தண்ணீரில் அது புரண்டிருந்தால்...

"இதோ வரேம்மா," என்று ஓடினாள். இரண்டு ஸ்லைடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். ஒன்றில் துண்டின் ஓரத்திலிருந்த பள்ளம் இடப்பக்கம். இன்னொன்றில் வலப்பக்கம். வட்டத்துக்கு நேரே அவள் சுரண்டியிருந்தது நல்ல மூளையை. நல்ல மூளையில் அந்த ஜீன் விழித்துத்தான் இருக்கும்.

வெளியே சொன்னால் வேலை நிலைக்காது. சொல்லாவிட்டால்... மாடியில் ஒரு அம்மா அவள் கோட்டுக்குப் பை தைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஸ்லைடையும் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து, அவன் அறைக்குள் போய் நின்றாள்.

"தப்பு என்னோடது. துண்டு புரண்டிருக்கு. ஓரத்தைப் பாக்காம சுரண்டிட்டேன்."

அவன் ஸ்லைடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எழுந்து போய்த் துண்டு சீவியதைக் குறிக்கும் பதிவேட்டைப் புரட்டினான்.

"அன்னைக்குச் சீவறவர் லீவு. தண்ணில மிதக்கவிட்டது நான்தான்," என்றான். "உங்க லேப்ல, அத்தனை பேர் முன்னாடி வந்து கத்திட்டுப் போனேன்."

"கத்தல. கொஞ்சம் சத்தமாப் பேசினீங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான்... ஆனால் கண்ணில் நீரோடு.

இருவருமாகவே ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.

"ரெண்டு பேர் பேரும் குறிப்புல ஏறும். உன் நிரந்தர ஆர்டர் மூணு மாசம் தள்ளிப் போகும்மா. தள்ளித்தான் வைக்கிறேன், கிழிக்கல. முதல்ல டெஸ்டைப் பண்ணுங்க."

வெள்ளிக்கிழமை அவன் புதிதாகத் துண்டு சீவினான். அவள் ஓரம் பார்த்து, பள்ளம் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுரண்டினாள். ஞாயிறு காலை லேப்பில் வேறு யாருமில்லை. திரையில், பூட்டு இருந்தால் மட்டுமே ஏறும் ஒரு கோடு மெல்ல மேலேறியது.

"தூங்குது," என்றாள்.

"தூங்குதா? அப்ப மாத்திரை குடுக்கலாமே. போய்ச் சொல்லிடலாமா?"

"இருங்க. ஒரு தடவை வந்தா நம்பக்கூடாது. ரெண்டாவதும் ஒத்து வரணும்."

இரண்டாவது கோடும் ஏறியது. அவன் அங்கிருந்தே போன் செய்து பெரிய டாக்டரம்மாவிடம் சொன்னான். கதிர்வீச்சு ரத்து, நாளையிலிருந்து மாத்திரை. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்துச்சு தெரியுமா?"

"வேலை போயிடும்னு."

"அதுவும்தான்... ஆனா வேற யாரு சொல்லியிருந்தாலும் சரின்னு திரும்பப் பாத்திருப்பேன். உங்ககிட்ட மட்டும் கெட்டிக்காரியாத் தெரியணும்னு இருந்துச்சு."

"என்கிட்ட மட்டும் ஏன்?"

அவள் கையுறையைக் கழற்றினாள். மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"உங்களைப் பிடிச்சிருக்கு. அதான்."

அவன் காது மடல் சிவந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி எதிரில் உட்கார்ந்தான்.

"ஒரு தடவை வந்தா நம்பக்கூடாதுன்னு இப்பதான் ஒருத்தங்க சொன்னாங்க..."

"பிடிச்சிருக்கு," என்றாள் அவள், இந்த முறை அவன் கண்களை நேராகப் பார்த்து.

"எனக்கும்," என்றான். பிறகு, அவள் கேட்காமலே, இன்னொரு முறையும் சொன்னான்.