ஒன்பது சேலைப் போர்வை

"வாங்கம்மா... ஆனா கையில எதுவும் கொண்டு வராதீங்க."

கைப்பேசியில் மகன் யுகேந்திரன் இதைச் சொன்னபோது காலை மணி ஏழு. கிள்ளான் நகரத்து அடுக்குமாடி வீட்டின் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பேரனுக்கான போர்வையின் கடைசி ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள் அமுதவள்ளி. ஊசி விரலில் ஏறிவிட்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எதுவும்னா... என்னப்பா?"

"அதாம்மா, நீங்க தைக்கிற அந்தப் போர்வை. கவியோட அம்மா வேணாங்கிறாங்க. இன்னிக்குத் தொட்டில் போடுற நாளு, சண்டை வேணாம்லா. ப்ளீஸ்மா."

"பொறந்து முப்பது நாளாச்சு யுகா... இன்னும் அவன என் கையில வாங்கலடா."

"வந்து வாங்கிக்கிங்க. வெறுங்கையோட வந்தா போதும்."

வெறுங்கையோடு வா! பெற்றவளைப் பிள்ளை இப்படியும் அழைப்பானா? கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, விரலில் துளிர்த்த ரத்தத்தைப் போர்வையில் படாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த செய்தி வந்த அன்று மாலைதான் அவள் கத்திரிக்கோலையே கையில் எடுத்தாள். அதற்கு ஒரு நாள் முன்னால்கூட எடுக்கவில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு நூல்கூட வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. பிறந்த பிறகும் முதலில் மேலே படுவது துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியாக இருக்க வேண்டும். இரண்டு குடும்பத்திலும் அதுதான் வழக்கம்.

அலமாரியில் இருபது, இருபத்தைந்து சேலைகள் கிடந்தன. அதிலிருந்து ஒன்பதைத்தான் பொறுக்கினாள். எல்லாமே கணவர் சபாபதி உயிரோடு இருந்தபோது, பூவும் பொட்டுமாய் அவள் கட்டியவை. அவர் போன பிறகு வாங்கிய ஒன்றையும் தொடவில்லை. மாங்காய்க்கரை போட்ட பச்சை, யுகேந்திரனை முதல் நாள் பள்ளிக்கூடத்தில் விட்டபோது கட்டியது. மஞ்சள், கையுறைத் தொழிற்சாலையில் முதல் சம்பளம் வாங்கி எடுத்தது. முப்பது நாளும் வேலை முடிந்து வந்து, உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் தைத்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. அதைத்தான் இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

ஏன் வேண்டாமாம்? மூன்று வருடத்துக் கதை அது.

மருமகள் கவித்ரா முதல் தடவை கருவுற்றிருந்தபோது எல்லாரும் கிள்ளானில் ஒன்றாக இருந்தார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒரு பார்சல் வந்தது. பிறக்கப்போகும் பிள்ளையின் காலுக்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஜோடி வெள்ளைக் கம்பளிச் சப்பாத்து! கவித்ராதான் ஆசை தாங்காமல் யாருக்கும் தெரியாமல் வரவழைத்திருந்தாள். பார்சலை வாங்கிக் கொடுத்த அமுதவள்ளி, அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

ஏழாம் மாதம் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்? மகளைப் பார்க்க வந்த சம்பந்தி இந்திரா, அலமாரியிலிருந்து அந்தச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"பொறக்கு முன்னாடி புதுசு வாங்கினது யாரு? எந்தப் பாவி?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. படுக்கையில் கிடந்த கவித்ராவின் முகம் வெளிறிப்போனது. வயிற்றுச் சுமையைப் பறிகொடுத்தவள் பழியை வேறு சுமக்க வேண்டுமா? அமுதவள்ளிக்கு ஒரு கணம்தான் ஆனது.

"நான்தான் சம்பந்தி... புத்தி கெட்டுப்போய் வாங்கிட்டேன்."

ஆற்றில் விட்டுவிடச் சொல்லிச் சப்பாத்தை அவள் கையில் திணித்தாள் இந்திரா. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அடுத்த மாதமே மகன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு செந்தூலுக்கு, இந்திராவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிபோனான். தீபாவளிக்கு வந்து ஒரு வாய் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவான், அவ்வளவுதான். கவித்ராவோ மாமியாரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். உண்மையை அவளும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை.

போர்வையை மடித்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு அமுதவள்ளி கிளம்பினாள். மகனிடம் இரகசியமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. கொம்யூட்டர் ரயிலில் போய்க் கேஎல் சென்ட்ரலில் இறங்கி, மாறி ஏறி, செந்தூல் போய்ச் சேரும்வரை பையை மடியை விட்டு இறக்கவில்லை.

ஆறாவது மாடி. வாசலில் தோரணம். உள்ளே ஸ்பிரிங் தொட்டிலுக்குப் பூச்சுற்றி வைத்திருந்தார்கள். வாசலிலேயே இந்திராவின் கண் பையில் விழுந்துவிட்டது.

"வாங்க சம்பந்தி... பையில என்ன?"

"அது... ஒண்ணுமில்ல சம்பந்தி. எம்பேரனுக்குப் பழைய சேலையில..."

"வேணாம்னு மாப்பிள்ளைகிட்டச் சொல்லி அனுப்பினேனே! ஒரு தடவ நீங்க ஆசப்பட்டதுக்கு எம்மக வயித்துப் புள்ளையக் கொடுத்தாளே, போதாதா? ராசியில்லாத கை, பச்சப்புள்ள மேல படணுமா? நீங்களே சொல்லுங்க!"

நாலு பேர் நடுவில், நரம்பில்லாத நாக்கு சொல்லிவிட்டது. அமுதவள்ளி மகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"அம்மா... அதான் சொன்னேன்ல, கொண்டு வராதீங்கன்னு..."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். குரல் நிதானமாகவே வந்தது.

"தப்புதான்பா. நல்ல நாளு, என்னால கெட வேணாம். புள்ள நல்லாருக்கட்டும்... நான் வரேன்."

திரும்பி லிஃப்டை நோக்கி நடந்தாள். உள்ளே எங்கேயோ பேரன் அழும் சத்தம் கேட்டது. முப்பது நாளில் அவள் முதல்முதலாகக் கேட்ட அவன் குரல்! கால் ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தது.

"அத்தை!"

கவித்ராதான். தலையில் துண்டு, காலில் தடித்த காலுறை, கையில் பிள்ளை. அறையை விட்டு ஓடிவந்துகொண்டிருந்தாள்.

"பந்தாங்டி! பெத்தவளுக்கு விலக்கு நாப்பத்துநாலு நாள், இன்னும் முடியல, வாசல் தாண்டாதே!" என்று அலறினாள் இந்திரா.

கவித்ரா தாண்டிவிட்டாள். பிள்ளையோடு வராந்தாவில் வந்து நின்றாள்.

"அந்தச் சப்பாத்த வாங்கினது நான்மா! அத்தை இல்ல... நான்! பார்சல் எம்பேருக்குத்தான் வந்துச்சு. எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க... நான் மூணு வருஷமா வாய மூடிட்டு இருந்துட்டேன்..."

யுகேந்திரன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

அமுதவள்ளி அவசரமாகத் திரும்பி வந்தாள்.

"இல்ல இல்ல... பச்ச உடம்புக்காரி, ஏதோ உளர்றா! யாரும் நம்பாதீங்க. நான்தான் வாங்கினேன்..."

"போதும் அத்தை!" கவித்ரா வெடித்து அழுதாள். "இன்னும் எதுக்கு எனக்காகப் பொய் சொல்றீங்க? தினம் தினம் சொல்லணும்னு நெனப்பேன். சொன்னா இவரு என்னை வெறுத்துடுவாரோன்னு பயம்... இவன் பொறந்தப்புறம் தூக்கமே இல்ல அத்தை. எம்புள்ளைக்கு அப்பாயி இருந்தும் இல்லாம பண்ணிட்டேனே!"

இந்திரா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னென்ன பேசிட்டேன்... என் வாயில மண்ணு விழ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அமுதவள்ளி அதைக் காதில் வாங்கவில்லை. மருமகளின் தலைத்துண்டு நழுவியிருந்தது. முதலில் அதை இழுத்துக் காதை மூடிவிட்டாள்.

"காத்து அடிக்குது... உள்ள போம்மா."

"அந்தச் சப்பாத்து... ஆத்துல விட்டுட்டீங்களா, அத்தை?"

இத்தனை நேரம் தாக்குப்பிடித்த அமுதவள்ளி அங்கேதான் உடைந்தாள்.

"விடச் சொன்னாங்க... பாலம் வரைக்கும் போனேன். மனசு வரல கவி. என் அலமாரியிலதான் இருக்கு. நம்ம மொதப் புள்ள... அவன்னு ஒருத்தன் இருந்ததுக்கு அது ஒண்ணுதானே மிச்சம்..."

மூன்று வருடம். யார் குற்றம் என்று பேசினார்களே தவிர, அந்தப் பிள்ளைக்காக அந்த வீட்டில் ஒருவரும் உட்கார்ந்து அழவில்லை. இப்போது இரண்டு பெண்களும் வராந்தாவில் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

யுகேந்திரன் வந்து தாயின் காலில் விழப்போனான். அவள் விடவில்லை.

"உங்கள வெறுங்கையோட வரச் சொன்னேனேம்மா..." பையிலிருந்து போர்வையை அவனே எடுத்து, உதறி விரித்து, அம்மாவின் இரண்டு கைகளிலும் போட்டான். கவித்ரா பிள்ளையை அதன்மேல் கிடத்தினாள்.

பேரன் மாங்காய்க்கரைப் பச்சையை விரல்களால் பற்றிக்கொண்டு அழுகையை நிறுத்தினான். அமுதவள்ளி போர்வையின் நுனியால் அவன் கால்களை மூடினாள். மூடியவள், அந்தச் சின்னப் பாதங்களைத் துணியோடு சேர்த்து உள்ளங்கையில் வைத்து, விடாமல் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பேரனைக் கண்ட சந்தோஷம் என்றார்கள் வந்திருந்தவர்கள். எந்தப் பேரனுக்காக அழுகிறாள் என்று கவித்ராவுக்கு மட்டும் தெரிந்தது.